ஈறோரம்

எங்கள் வீட்டுப் புழக்கடையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், மூடி துருப்பிடித்த பால்டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். உள்ளே உமிக்கரி. டவுன் ரைஸ் மில்லிலிருந்து அப்பா மூட்டையாகக் கொண்டுவரும் உமியைக் குவித்துத் தீமூட்டி, கருகியதும் தண்ணீர் தெளித்து அணைத்து, கல்லுப்பு சேர்த்து அம்மியில் நுணுக்கி அம்மா அதை நிரப்பிவைப்பாள். எனக்கு எட்டு வயதானபோது, அந்த டப்பாவைப் பார்த்தாலே வாய் தானாக மூடிக்கொள்ளும்.

“ஈ காட்டு” என்பாள் அம்மா. கல்லின்மேல் என்னை உட்காரவைத்து, இடது கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு, வலது ஆள்காட்டி விரலில் கரியைத் தொட்டு என் முன்பற்களைத் தேய்ப்பாள். பாத்திரம் துலக்குகிற அதே வேகம். வாய் முழுக்க உப்பும் கரியும். துப்பினால் கருப்போடு சிவப்பும் வரும். வாய் கொப்பளித்ததும் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்ப்பாள். பற்களின் நடுவே குறுக்காக ஓடிய தேயிலைச் சாய நிறக் கோடு அப்படியே இருக்கும்.

“இன்னும் போகல. நாளைக்கு நீயே நல்லா அழுத்தி வெளக்கணும், ஆமா.”

அது 1980. பென்னாகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். என் பால்பற்கள் வெள்ளையாகத்தான் இருந்தன. அவை விழுந்து முளைத்த பற்கள் மட்டும் சுண்ணாம்புத் திட்டுகளோடு முளைத்தன. ஓரிரு வருடத்தில் அந்தத் திட்டுகளில் பழுப்பு ஏறியது. என் தம்பிக்கும் அப்படியே. தெருவில் எங்கள் வயதுப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு அப்படித்தான். ஆனால் அம்மாவின் பல் மல்லிகை அரும்பு மாதிரி இருக்கும். காவிரிக்கரையில் நாகமரைப் பக்கம் பிறந்து வளர்ந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். அவள் சிரித்தால் தெருவே பார்க்கும். தன் பிள்ளைகளின் பல் இப்படி ஆனதற்கு அவளுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைகள் சரியாகப் பல் விளக்குவதில்லை. ஊரும் அதைத்தான் சொன்னது. தாயாருக்கு இப்படிப் பல், பெத்ததுக்கு அப்படிப் பல், வளர்த்த லட்சணம் என்று அவள் காதுபடவே சொன்னார்கள். அந்தக் கரித்தேய்ப்புக்குப் பின்னால் இருந்தது அவளுடைய அவமானம் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பல் துலக்கும் முறை. அப்பாவுக்கு வேப்பங்குச்சி. காட்டுக்குப் போகும் வழியில் கொப்பு ஒடித்து, நுனியைக் கடித்துத் தூரிகைபோல் ஆக்கி, வரப்பில் நடந்துகொண்டே அரைமணி நேரம் மெல்லுவார். ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்ற பழமொழியில் வருகிற ‘வேல்’ வேம்பு அல்ல, வேலமரம் என்று ஆயா, என் பாட்டி, திருத்துவாள். அவள் காலத்தில் கருவேலங்குச்சியும் ஆலம் விழுதும்தான் பல்குச்சியாம். அப்பா குச்சியை மென்ற விதத்தில் ஒரு பொறுமை இருந்தது. குச்சி மெதுவானது. நேரம் எடுக்கும். எச்சில் ஊறும். நுனி நார் ஈறின்மேல் மெல்லத்தான் படும். அதே வேப்பங்குச்சியைச் சரியாக மெல்லாமல் கரடுமுரடாகத் தேய்த்தால் ஈறு கிழிந்துவிடும் என்பதையும் பார்த்திருக்கிறேன். பொருளைவிட அதைப் பிடித்த கைதான் முக்கியம்.

ஆயாவுக்கு வெற்றிலை. சுருக்குப் பையில் பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. வேலையெல்லாம் முடிந்து திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, காம்பு கிள்ளி, முதுகு நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் வைக்கிறபோது அவள் முகத்தில் வரும் நிம்மதியை நான் குறைசொல்ல மாட்டேன். அவளுடைய பல்லிலும் காவி படிந்திருந்தது. அந்தக் காவிக்கு ஊரில் மரியாதை. என் பழுப்புக்குத்தான் பரிகாசம்.

ஆயா வாயில் ஒரு சொத்தைப் பல்கூட இல்லை. அப்படியும் அறுபது வயதுக்குள் ஒவ்வொரு பல்லாக ஆடி, கையோடு வந்துவிட்டது. வலிக்கவில்லை, ரத்தமும் பெரிதாக வரவில்லை. ஒருநாள் களி உருண்டையை விழுங்கும்போது வந்த பல்லை முந்தானையில் முடிந்துவைத்திருந்து என்னிடம் காட்டினாள். நீண்ட வேரோடு, ஓட்டை எதுவும் இல்லாத முழுப்பல். வேரைச் சுற்றி மட்டும் சொரசொரவென்று கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. “பல்லு நல்லாத்தான் கண்ணு இருக்குது. எகிறுதான் உட்டுடுச்சி” என்றாள். ஈறை அவள் ‘எகிறு’ என்றுதான் சொல்வாள். மழையில் மண் அரித்துப்போன கரையில் நிற்கும் மரம் எப்படிச் சாயுமோ, அப்படித்தான் அந்தப் பல் விழுந்தது. கடைசி வருடங்களில் ஆயாவால் வாயை முழுதாகத் திறக்கவும் முடியாமல் போயிற்று. கன்னத்தின் உட்பக்கம் பட்டைபோல் இறுகிவிட்டது. இடைவிடாமல் பாக்கு மென்றால் வருகிற நோய் அது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்ததைப் படித்தபோது, சுருக்குப் பையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயாவின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பிள்ளைகளான எங்களுக்கு வேறு விதமான சேதம். எங்கள் பக்கம் புளிக்குப் பேர்போனது. மாசி பங்குனியில் வீட்டுக்கு வீடு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளியைத் தட்டி ஓட்டையும் கொட்டையையும் எடுப்பார்கள். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கப் புளியைச் சப்பிக்கொண்டிருப்போம். சாயங்காலம் பல் கூசும். தண்ணீர் குடித்தால் சுரீர் என்று இழுக்கும். அந்தக் கூச்சம் போவதற்காக உடனே கரியும் உப்பும் வைத்துத் தேய்ப்போம். புளிப்பு பட்ட பல்லின் மேற்பரப்பு கொஞ்ச நேரத்துக்கு மெத்தென்று இளகியிருக்கும் என்பதும், அந்த நேரத்தில் தேய்ப்பது ஈர மண்ணைச் சுரண்டுவதற்குச் சமம் என்பதும் யாருக்குத் தெரியும்? முதலில் தண்ணீரில் கொப்பளித்து, எச்சில் தன் வேலையைச் செய்ய ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டு, அப்புறம்தான் பல் துலக்க வேண்டும்.

ஆசிரியர் பயிற்சிக்காகத் தருமபுரி விடுதிக்குப் போனபோது முதன்முதலாக எனக்கென்று ஒரு பிரஷ் வாங்கினேன். கடைக்காரர் மெதுவானது, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை காட்டினார். நான் கடினமானதைக் கேட்டு வாங்கினேன். பேஸ்டை நீளமாகப் பிதுக்கி, கதவுக்கு உப்புத்தாள் போடுவதுபோல் இடவலமாகத் தேய்ப்பேன். இரண்டே மாதத்தில் பிரஷ் நார்கள் நாலாபக்கமும் விரிந்துவிடும். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். பயிற்சி முடித்தபோது எடுத்த குழுப் படத்தில் நாற்பது பேர் சிரிக்கிறார்கள். நான் உதட்டை இறுக்கி மூடியிருக்கிறேன். கல்யாணப் படங்களிலும் அப்படியே. பெண் பார்க்க வந்த அன்று விடியற்காலையில் அம்மா கையில் எலுமிச்சை மூடியும் உப்புமாக வந்து நின்றாள். நான் எதுவும் பேசாமல் வாயைத் திறந்தேன்.

1998இல், வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளையோடு இருந்தபோது, ஈறு வீங்கி, இட்லி சாப்பிட்டாலே ரத்தம் கசிய ஆரம்பித்தது. பிரஷ் வைத்தால் பேசின் சிவந்துவிடும். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிட்டு முன்பற்களை மட்டும் தேய்த்தேன். ரத்தம் அதிகமாயிற்று. மாசமாக இருக்கும்போது பல் டாக்டரிடம் போகக்கூடாது, பல்லில் கைவைத்தால் கண்ணுக்குப் போகும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் கணவர் எதையும் காதில் வாங்காமல் என்னைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்.

அந்த மருத்துவருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டவுடனே என்னை “டீச்சர்” என்று அழைக்க ஆரம்பித்துவிட்டார். நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம்வரை பல் வைத்தியத்துக்கு நல்ல நேரம்தான், பயப்பட வேண்டாம் என்றார். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் முதலில் சொன்னது, “டாக்டர், நான் தினம் பல் வெளக்கறேன். நம்புங்க” என்பதுதான். இருபத்தாறு வயதில், ஒரு பள்ளி ஆசிரியை, எட்டு வயதுப் பிள்ளையின் குரலில் அதைச் சொன்னேன்.

அவர் பதில் சொல்லவில்லை. பஞ்சில் ஒரு சிவப்புச் சாயத்தைத் தொட்டு எல்லாப் பற்களிலும் தடவினார். ஒருமுறை கொப்பளிக்கச் சொல்லிவிட்டுக் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். “பாருங்க.”

பார்த்தேன். முன்பற்களின் நடுப்பகுதியில் சாயம் துளியும் ஒட்டவில்லை. பழுப்புக் கோடுகளோடு, அலம்பிவைத்த பீங்கான் போலப் பளபளத்தன. ஆனால் ஒவ்வொரு பல்லும் ஈறுக்குள் இறங்குகிற அந்த ஓரத்தில், நகக்கண்ணில் அழுக்கு சேர்ந்ததுபோல், ஒரு சிவப்பு விளிம்பு. மேலே, கீழே, ஒன்றுவிடாமல் ஓடியது. இரண்டு பல்லுக்கும் நடுவிலுள்ள இடுக்குகளில் அடர்சிவப்பு. கீழ்வரிசை முன்பற்களின் பின்பக்கத்தைச் சின்னக் கண்ணாடியில் காட்டினார். அங்கே சிவப்போடு மஞ்சள் கல்லும் படிந்து சுவர்போல் நின்றது.

“சாயம் எங்க ஒட்டுதோ அங்க ஊத்தை இருக்கு. கிருமிங்க சேர்ந்து கட்டின மெல்லிசு படலம். தினமும் புதுசா படியும். பிரஷ் பட்டா போயிடும். படாம விட்டா எச்சில்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கல்லா இறுகும், அதான் காரை. அதுக்கப்புறம் எந்த பிரஷ்ஷுக்கும் வராது. பதினெட்டு வருஷமா நீங்க சுத்தமான இடத்தையே தேய்ச்சிட்டிருந்திருக்கீங்க டீச்சர். பல்லும் ஈறும் சேர்ற ஓரத்துக்கு உங்க பிரஷ் ஒருநாளும் போகல.”

பிறகு மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி அளந்தார். ரெண்டு, மூணு, மூணு, அஞ்சு என்று சொல்லச் சொல்லப் பக்கத்திலிருந்த பெண் எழுதிக்கொண்டாள். மூன்றுவரை சரி, நாலு ஐந்து என்றால் ஈறு பல்லை விட்டு விலக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மாசமாக இருக்கும்போது சுரக்கும் ஹார்மோனால் ஈறு சட்டென்று வீங்கும், ஆனால் ஊத்தை இல்லாவிட்டால் இந்த அளவுக்கு வராது என்றார். எனக்கு ஆயா முந்தானையில் முடிந்துவைத்திருந்த பல்லும், அதன் வேரில் ஒட்டியிருந்த கருப்புக் கல்லும் கண்முன் வந்தன.

“அப்ப இந்தப் பழுப்பு? அதுவும் நான் சரியா வெளக்காததாலதானே?”

அவர் என் பல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“உங்க சொந்த ஊரு?”

சொன்னேன்.

“குடிக்கறது?”

“போர்த் தண்ணி. அடிபம்பு.”

“உங்க அம்மாவுக்குப் பல்லு எப்படி?”

“வெள்ளையா இருக்கும் டாக்டர்.”

“அவங்க எந்த ஊரு?”

“நாகமரைப் பக்கம். காவிரிக்கரை.”

அவர் கையுறையைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “டீச்சர், இது அழுக்கில்ல. நீங்க பொறந்ததிலிருந்து ஏழெட்டு வயசு வரைக்கும் குடிச்ச தண்ணி.”

எங்கள் பக்கத்துப் பாறைகளில் ஃபுளோரைடு உண்டு. போர் ஆழமாகப் போகப்போக, பாறையில் நெடுநாள் தங்கிய தண்ணீரில் அது கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் போதும், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை இருக்கலாம் என்பது நம் நாட்டு அளவு. அதைத் தாண்டினால், ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் எனாமல் சரியாகக் கெட்டிப்படாது. திட்டுகளோடு முளைக்கும் அந்தப் பல்லின் நுண்துளைகளில் பிறகு நிறம் ஏறும். பல் உருவாகி முடிந்தபிறகு அதே தண்ணீரை எத்தனை வருடம் குடித்தாலும் பல்லில் அந்தக் கறை வராது. கல்யாணமாகி வந்த அம்மாவுக்குப் பல் வெள்ளையாகவே இருந்ததற்கும், அவள் வயிற்றில் பிறந்த எங்களுக்குப் பழுத்ததற்கும் இதுதான் காரணம். பின்னாளில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் கொலராடோவில் 1901இல் தொழில் தொடங்கிய பிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் அந்த ஊர்க்காரர்களின் பழுப்புப் பல்லைப் பார்த்துத் திகைத்ததும், அவர் முப்பது வருடம் துரத்திய காரணம் தண்ணீரிலுள்ள ஃபுளோரைடுதான் என்று 1931இல் தெரியவந்ததும், 1937இல் நம் பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்தில் இதே தண்ணீரால் எலும்புகள் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதிவைத்ததும் எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. அம்மா என் தாடையைப் பிடித்துக் கரி தேய்த்த 1980இல், காரணம் கண்டுபிடித்து ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆகியிருந்தது. எங்கள் புழக்கடைக்குத்தான் அந்தச் செய்தி வந்துசேரவில்லை.

“இதுக்கு மேல்பூச்சு வைக்கலாமா டாக்டர்?”

“வைக்கலாம். ஆனா அஸ்திவாரம் ஆடற வீட்டுக்கு யாராவது சுண்ணாம்பு அடிப்பாங்களா? முதல்ல ஈறு.”

அன்றும் அடுத்த வாரமுமாகக் காரையை எடுத்தார். பல்லுக்குப் பின்னால் நாக்கு தடவிப் பழகியிருந்த சுவர் போய், இடைவெளிகள் புதிதாகத் தெரிந்தன. பல் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று எங்கள் ஊரில் சொல்வதற்கு இந்த உணர்வுதான் காரணம் என்று அப்போது புரிந்தது. காரை எதையும் தாங்கிப் பிடிப்பதில்லை. அது ஈறைத் தின்ற இடத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

வீடு திரும்பி அம்மாவிடம் சொன்னேன். தண்ணீர், போர், ஃபுளோரைடு, எட்டு வயது எல்லாவற்றையும் வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன். எனக்கு அது விடுதலையாக இருந்ததால், அவளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அம்மா முறத்தில் இருந்த ராகியைத் தள்ளிவைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

“அப்ப அந்தத் தண்ணிய ஊத்திக் குடுத்தது நான்தானே?” என்றாள்.

“உனக்கு எப்படிம்மா தெரியும்? ஊரே அதைத்தானே குடிச்சிது.”

“அடிச்சிகூட வெளக்கியிருக்கறனே கண்ணு.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஆள்காட்டி விரலின் நுனி அப்போதும் கரடாகத்தான் இருந்தது.

அந்த மருத்துவர் சொல்லிக்கொடுத்ததைக் கை பழக எனக்கு மாதங்கள் ஆயின. பிரஷை முஷ்டியாகப் பிடிக்காமல் பேனாபோல் பிடிக்க வேண்டும். மெதுவான நார். அதைப் பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் 45 டிகிரிச் சாய்வில், நாரின் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி வைத்து, இருந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அசைத்து, பிறகு பல்லை நோக்கித் திருப்ப வேண்டும். இரண்டு மூன்று பல்லாக நகர்ந்து, வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பக்கம் என்று முடித்தால் இரண்டு நிமிடம் ஆகும். முதல் வாரம் கை பழைய வேகத்துக்கே ஓடியது. என் மேல்வரிசைப் பற்களின் கழுத்தில் ஏற்கெனவே நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி விழுந்திருந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் இன்றும் அந்தக் குழிகள் கூசும். கரியும், கடின பிரஷும், என் அவசரமும் சேர்ந்து போட்ட பள்ளம் அது. தேய்ந்த எனாமல் திரும்ப வளராது.

ரத்தம் வரும் இடத்தைத்தான் விடாமல் துலக்க வேண்டும் என்று அவர் சொன்னதை நம்புவதுதான் கஷ்டமாக இருந்தது. புண்ணைத் தொடாமல் விடுவதுதானே நம் வழக்கம். ஆனால் ஈறில் வரும் ரத்தம் பெரும்பாலும் அங்கே ஊத்தை தங்கியிருக்கிறது என்று உடம்பு எழுதும் கடிதம். மெதுவாக, ஆனால் தவறாமல் துலக்கினேன். பத்தே நாளில் ரத்தம் நின்றது. செம்பருத்திப் பூப்போல் வீங்கியிருந்த ஈறு வெளிர்ந்து, பல்லின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறமும் இரண்டு வாரத்துக்கு மேல் ரத்தம் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் வர வேண்டும் என்றார்.

அதைவிடக் கஷ்டம் ராத்திரிப் பழக்கம். எங்கள் தலைமுறைக்குப் பல் விளக்குவது விடியற்காலை வேலை. சாமி கும்பிடுவதற்கும் காபிக்கும் முன்னால் செய்யும் ஆசாரம். ஆனால் தூங்கும்போதுதான் எச்சில் குறைந்து, வாய் வறண்டு, கிருமிகளைத் தடுக்க ஆளில்லாமல் போகிறது. தின்ற இனிப்பும் மாவும் ராத்திரி முழுக்கத் தங்கினால் அதுவே அமிலமாகும். முதலில் தினமும் மறந்தேன். பிறகு, அடுப்படி விளக்கை அணைக்கும் முன் பல் துலக்குவது என்று வைத்துக்கொண்டேன். விளக்கை அணைக்காமல் ஒருநாளும் படுக்க முடியாது. புதுப் பழக்கத்தைப் பழைய பழக்கத்தின் தோளில் ஏற்றிவிட்டால் அது நடக்கக் கற்றுக்கொள்ளும்.

இன்னொரு கேள்வியும் எனக்கு இருந்தது. என் பல்லைக் கெடுத்த அதே ஃபுளோரைடு பேஸ்ட்டிலும் இருக்கிறதே? குடித்து உடம்புக்குள் போவது வேறு, பல்லின்மேல் பட்டுத் துப்பிவிடுவது வேறு என்று விளக்கினார். மேலே படும் ஃபுளோரைடு, அமிலத்தில் கரையத் தொடங்கிய எனாமலை மறுபடி இறுகச்செய்கிறது. அதனால் துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், குடம் தண்ணீர் ஊற்றி அலசி அந்தப் பலனைக் கழுவிவிட வேண்டாம். சின்னப் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள் என்பதால் மூன்று வயதுவரை அரிசி அளவு, ஆறுவரை பட்டாணி அளவு, அதுவும் பெரியவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு. எங்கள் பக்கம் மாதிரித் தண்ணீரிலேயே அது இருக்கிற ஊரில் இந்த அளவை மீறவே கூடாது. என் மகன் பிறந்தபோது எட்டு வயதுவரை அவனுக்குப் போர்த் தண்ணீர் கொடுக்கவில்லை. என் கணவர் தினமும் மொபெட்டில் இரண்டு கேன் கட்டி, டவுன் குழாயிலிருந்து அணைத் தண்ணீர் கொண்டுவருவார். அவன் பல் அவனுடைய ஆயாவின் பல்.

வகுப்பறையில் நின்றபோது இதெல்லாம் எனக்கு மட்டும் தெரிந்தால் போதாது என்று தோன்றியது. முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் குழந்தை, கேள்விக்கு விடை தெரிந்தும் வாயைத் திறக்காது. திறந்தால் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பேசும். அந்தக் கையை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன். அவளைக் கூப்பிட்டு என் பல்லைக் காட்டினேன். “டீச்சருக்கும் இருக்குது பாரு. இது அழுக்கில்ல. நம்ம ஊர்த் தண்ணி போட்ட கோடு” என்றேன். இருபத்தாறு வயதில் எனக்குக் கிடைத்த வார்த்தை அவளுக்கு ஏழு வயதிலேயே கிடைக்கட்டும் என்று நினைத்தேன். அன்றிலிருந்து வகுப்பில் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதை விட்டேன். மேல்பூச்சு வைத்துக்கொள்ளவும் இல்லை.

பெற்றோர் கூட்டத்தில் நான் தவறாமல் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. ஆறு வயதில், பால்பற்கள் எல்லாவற்றுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். விழுந்து முளைக்காததால் அதையும் பால்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். சொத்தை விழுந்தால் “விழுற பல்லுதானே டீச்சர்” என்கிறார்கள். அது விழுகிற பல் இல்லை. ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். அதன் மேல்பக்கம் ஆழமான பள்ளங்கள் இருக்கும். பிரஷ் பிடிக்கத் தெரியாத வயது. கடைசியில் இருப்பதால் கண்ணுக்கும் படாது. முளைத்த ஒரு வருடத்திலேயே கருத்துப்போன ஆறாம் வயதுப் பற்களை எத்தனையோ வாயில் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்குத் தானாகச் சட்டைப் பொத்தான் போட, அழகாக எழுதக் கை வரும்வரை, ஏழெட்டு வயதுவரைக்கும், ராத்திரிப் பல்லைப் பெரியவர்கள்தான் துலக்கிவிட வேண்டும். பின்னால் உட்கார்ந்து, தலையை நம் மடியில் சாய்த்து, கடைசிப் பல்வரை கண்ணால் பார்த்துத் துலக்க வேண்டும்.

மிட்டாய் தின்னாதே என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. தேன் மிட்டாய் இல்லாத பள்ளி வாழ்க்கை எதற்கு? ஆனால் ஒவ்வொரு முறை இனிப்பு வாயில் பட்டதும் அரைமணி நேரமாவது பல்மேல் அமிலம் நிற்கிறது. ஒரே மிட்டாயைக் காலையிலிருந்து மாலைவரை சப்பினால் நாள் முழுக்க அமிலம்தான். சாப்பாட்டோடு ஒரேயடியாகத் தின்றுவிட்டுக் கொப்பளித்துவிடுங்கள் என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. சத்துணவு முடிந்ததும் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் தட்டைக் கழுவிவிட்டு, வேலியோரம் வரிசையாக நின்று மூன்று வாய்த் தண்ணீர் கொப்பளிப்பார்கள். அதற்குப் பணம் காசு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயலுக்கு வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதையே முக்கிய நோக்கமாகக் கொண்ட திட்டம். எங்கள் தெருக்குழாயில் முதன்முதலாகக் காவிரி வந்த அன்று, அம்மா ஒரு சொம்பில் பிடித்து அண்ணாந்து குடித்துவிட்டு, “இது எங்க ஊர்த் தண்ணி” என்றாள். பத்து வருடம் கழித்து, ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் புதிதாக முளைத்த முன்பற்களைப் பார்க்கிறபோது எனக்கு நெஞ்சு நிறைகிறது. எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. குழாயில் தண்ணீர் வராத நாளில் போர்த் தண்ணீருக்குத்தான் போகிறார்கள். ஆனாலும், கையால் வாயை மூடும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்.

எனக்கு 43 வயதில் சர்க்கரை வந்தது. அதற்கு முன்னால் ஈறு மறுபடி வீங்கத் தொடங்கியிருந்தது. இந்த முறை காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாமல் போய்க் காட்டினேன். சர்க்கரை ஏறினால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரை அடங்காது, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும் என்று மருத்துவர் சொன்னார். பல்லிடுக்குக்கு என்று தனியாக வரும் சின்ன பிரஷை அப்போது பழகினேன். பாட்டில் கழுவும் பிரஷைத் தீக்குச்சி அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். எங்கள் வீட்டில் தலைமுறையாக ஊக்கையும் தென்னங்குச்சியையும் வைத்துக் குத்திக் காயப்படுத்திய இடத்தை அது அலுங்காமல் சுத்தம் செய்கிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது, சர்க்கரை உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வலி வரும்முன்பே போய் வாயைக் காட்டுவது நல்லது. ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. ஆயாவுக்குக் கடைசிவரை வலிக்கவே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இப்போது என்னோடு இருக்கிறாள். ராத்திரி அடுப்படி விளக்கை அணைக்கும் முன், அவள் கட்டிலருகே சின்னக் கிண்ணமும் துண்டுமாகப் போகிறேன். அவளுக்கு இன்னும் பத்தொன்பது பல் இருக்கிறது. அதே மல்லிகை நிறம். ஆனால் ஈறு இறங்கி வேரின் மஞ்சள் தெரிகிறது. பல் வெள்ளையாக இருந்ததால் அவள் வாயை யாரும், அவள் உள்பட, ஒருநாளும் கவனித்ததே இல்லை.

தலைமாட்டில் நின்று அவள் தாடையை இடது கையால் தாங்கிக்கொள்கிறேன். மெதுவான பிரஷை ஈறோரத்தில் சாய்த்துவைத்து, சின்னச் சின்னதாக அசைக்கிறேன். கன்னத்தில் சோறு தங்கியிருந்தால் விரலில் ஈரத்துணி சுற்றி எடுக்கிறேன். விழுங்கிவிடாமல் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துத் துப்பவைக்கிறேன். நேற்றும் அப்படித்தான். பிரஷை எடுத்தபோது, திருத்தமாகப் பேச வராத அவள் நாக்கு எதையோ சொல்ல முயன்றது. காதைக் கொண்டுபோனேன்.

“வலிக்கல” என்றாள்.